மூணாவது கேஸ்

எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை அப்படியே போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தால், "அவரு மூணாவதுக்குப் போயிட்டாரு" என்போம். மூன்று தரம் கூப்பிட்டும் திரும்பாதவர் மூணாவது. விடுமுறை நாளில் குளித்துக் கிளம்பி வந்து பூட்டின கேட்டுக்கு முன்னால் நிற்பவர் மூணாவது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூட ஒரு வாரத்தில் இந்த வார்த்தை ஒட்டிக்கொள்ளும். செல்லமாகவும் சொல்லலாம், குத்தவும் சொல்லலாம். ஒன்பது வருஷமாக நான் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறேன்.

அது ஷூ செய்கிற தொழிற்சாலை. தரைத்தளத்தில் தோல் வெட்டுவார்கள், முதல் மாடியில் தைப்பார்கள், இரண்டாவதில் எங்கள் ஆபீஸும் பேக்கிங்கும். மூன்றாவதில் ஒட்டுவார்கள். அதற்கு மேல் மொட்டை மாடி. எனக்கு வேலை பர்சனல் பிரிவில். யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. கல்யாணம் ஆகாதவளாதலால் எனக்கு அங்கே 'அரை ஜோடி' என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே 'ஆபீஸ் அக்கா'.

தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய எட்டு வயதுப் பெண், நான். தம்பி மனைவிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தவள் நான். ஒட்டும் பிரிவில் ஆள் தேவை என்று சுற்றறிக்கை டைப் செய்ததே நான்தான் என்பதால், அதை நோட்டீஸ் போர்டில் போடுவதற்கு முன்பே அவள் பெயரை எழுதிவிட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக் கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அடுப்பு பற்றவைக்கவேயில்லை. குழந்தைதான் முதலில் பார்த்தது. "அப்பா, அம்மா மூணாவதுக்குப் போயிட்டா" என்றது. தம்பிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவன் லாரி ஓட்டுகிறவன், எங்கள் கம்பெனியில் காலே வைத்ததில்லை, ஆனாலும் என் வாயிலிருந்து வார்த்தை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. "நிஜ மூணாவதுல வேலை பார்த்தா வேற எப்படி இருப்பா" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், நாங்கள் சிரித்து முடித்த பிறகு.

அந்த வார்த்தை மூன்றாவது மாடியைக் குறிக்கிறது என்பது எனக்குத் தெரியாமலில்லை. மேல் மாடி காலி என்று சொல்கிறோமே, அதிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் கட்டடத்தின் மேல் மாடி மூன்றாவது. கணக்கு சரியாக வந்துவிட்டதால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தவர் மேனேஜர். கம்பெனிக்கு நாற்பது வருஷம் ஆகிறது, ஒரு மலர் போடுகிறோம், அதில் ஒரு பக்கம் 'நம்ம பாஷை' என்று நம் ஆட்கள் பேசுகிற வார்த்தைகளைச் சிரிக்கச் சிரிக்க எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்கு இது பிடித்திருந்தது. ஒரு வாரம் ஆள் ஆளாகப் பிடித்துக் கேட்டுச் சேர்த்தேன். ஓயாமல் பேசுகிறவனுக்கு 'நாக்கு நீட்டம்', ஷூவின் நாக்கை வைத்து வந்தது. எதற்கும் வளைந்து கொடுக்காத ஆளுக்கு 'கட்டை', தோலை இழுத்து மாட்டுகிற மரக்கட்டையை வைத்து. 'அரை ஜோடி'யையும் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டேன். மூணாவதுக்கு மட்டும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கணக்குப் பிரிவில் மேல் மாடி காலி என்றார்கள். லிஃப்ட் எப்போதும் மூன்றாவதில்தான் நின்றுபோகும், அதனால் வந்தது என்றார் லிஃப்ட் ஆப்பரேட்டர். கடைசியில் பேக்கிங்கில் ஒரு அம்மாள், கம்பவுண்டரைக் கேளுங்கள், அவர்தான் முதலில் சொல்ல ஆரம்பித்தவர் என்றாள்.

கம்பவுண்டர் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் முதலுதவி அறைக்காரர். தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேஜை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. பீரோவைத் திறந்து அடியிலிருந்து ஒரு பழைய ரிஜிஸ்டரை எடுத்துத் தட்டினார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒட்டும் பிரிவு தரைத்தளத்தில் இருந்ததாம். இரண்டு பக்கமும் கதவு, நல்ல காற்று. ஆனால் ஒட்டப் பூசுகிற ஈரச் சொல்யூஷனில் தூசி விழுகிறது, ஷூவின் ஓரம் அழுக்காகிறது என்று வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அதனால் மேலே கொண்டுபோய் ஜன்னல்களை டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். முதல் வாரத்திலேயே ஆறு பெண்களைக் கீழே தூக்கிக்கொண்டு வந்தார்கள். இவர் ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் 'சொல்யூஷன் வாடை, மயக்கம்' என்று எழுதினார். அப்போதிருந்த மேனேஜர் கூப்பிட்டு, அப்படியெல்லாம் எழுதக்கூடாது என்றார். வேறு என்ன எழுதுவது என்று இவர் கேட்க, ஏதாவது எழுதிக்கொள் என்றார்.

"எனக்குப் பொய் எழுத வராதும்மா" என்றார் கம்பவுண்டர். "அதனால எந்த மாடியோ அதை மட்டும் எழுதினேன். மூணாவது மாடி. அப்புறம் அதுவும் நீளமா இருக்குன்னு மூ.மா. மேல இருந்து போன் பண்ணினா, மூணாவது கேஸ் ஒண்ணு அனுப்புறோம்பாங்க. லிஃப்ட்ல கொண்டு வர்றவனும் மூணாவது கேஸ்ம்பான். அப்படியே பரவிடுச்சு."

ரிஜிஸ்டரைப் பிரித்துக் காட்டினார். நீல மையில் பெயர்கள், தேதிகள், காரணம் என்ற இடத்தில் முதல் வரியில் மூ.மா., அதற்குக் கீழே பக்கம் முழுவதும் 'மேற்படி'க்கான இரண்டு கோடுகள். எறும்பு வரிசை போல இறங்கிக்கொண்டே போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"அப்ப அந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சது நான்தானே. மலர்ல என் பேரைப் போடுவீங்களா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. போட்டோ வேண்டுமானால் இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அவருடைய பற்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பது வருஷத்தில் நான் மூன்றாவது மாடிக்குப் போனதில்லை. அங்கிருந்து வருகிற காகிதங்களை அங்கிருந்து வருகிறவர்களே கொண்டு வந்துவிடுவார்கள். அன்றைக்குப் படியேறிப் போனேன். கதவைத் திறந்ததும் முதலில் வந்தது ஒரு இனிப்பு வாடை. அழுகும் பழத்தில் ஸ்பிரிட்டை ஊற்றியது போல. மூக்கில் ஏறவில்லை, நேராகப் பல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பழுப்பு டேப், டேப்பின் மேல் பன்னிரண்டு வருஷத்து அழுக்கு. நீளமான மேஜைகளில் நாற்பது பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் மூடியில்லாத டின், பிரஷ். அடிப்பாகத்தில் ஒரு இழுப்பு, மேல்தோலில் ஒரு இழுப்பு, தள்ளிவை, அடுத்தது. விரலில் காய்ந்த சொல்யூஷனை உருட்டி உருட்டிக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார்கள். தரை முழுக்கச் சாம்பல் நிற உருண்டைகள், செருப்பில் ஒட்டிக்கொண்டன. யாரோ மூக்கைக் குடைந்து உருட்டிப் போடுவதைப் பார்ப்பது போலிருந்தது எனக்கு.

யாரும் பேசவில்லை. நாற்பது பெண்கள் இருக்கும் இடத்தில் பேச்சில்லை என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

சூப்பர்வைசர் கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருந்தார். திடீரென்று ஊதினார். நாற்பது தலைகளும் நிமிர்ந்தன, கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பார்த்தன, திரும்பக் குனிந்தன. அரை மணிக்கு ஒரு தரம் ஊத வேண்டும், இல்லாவிட்டால் கை ஓடிக்கொண்டிருக்கும், ஆள் இருக்காது, இடது கால் ஷூவில் வலது கால் அடியை ஒட்டிவிடுவார்கள் என்று எனக்கு விளக்கினார். தானே யோசித்து ஆரம்பித்த ஏற்பாடு என்பதையும் சேர்த்துச் சொன்னார். தன் சொந்தக் காசில் வாங்கின விசிலாம்.

அந்த நேரத்தில் பால் வந்தது. சொல்யூஷன் வாடைக்குப் பால் முறிவு என்று கம்பெனியில் ஒரு நம்பிக்கை. ஒரு பிளாஸ்டிக் வாளி, ஏழெட்டு டம்ளர். ஒருத்தி குடித்த டம்ளரைக் கழுவாமல் அப்படியே வாளியில் முக்கி அடுத்தவளுக்குக் கொடுத்தார்கள். ஆடையோடு சேர்ந்து ஒரு சாம்பல் உருண்டை மிதந்தது. ஒருத்தி அதை விரலால் எடுத்து மேஜைக்கு அடியில் தேய்த்துவிட்டுக் குடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தம்பி மனைவியைத் தேடினேன்.

மூன்றாவது மேஜையின் ஓரத்தில் இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தில் ஏதோ எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பது போலப் பார்த்தாள்.

"ஏழா, எட்டா?" என்று கேட்டாள்.

சைஸ் கேட்கிறாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்புறம்தான் மெல்ல, "அண்ணியா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தாமதமாக வந்தது இதுதான்.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து, மூன்றாவது மாடியின் லீவுப் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு. எல்லாம் அவரவர் கையெழுத்தில். தலைவலி. தலைசுத்தல். காலையிலேயே வாந்தி. கை மரத்துப்போச்சு. ஒருத்தி, 'வீட்டுக்குப் போற வழி குழம்பிடுச்சு' என்று எழுதியிருந்தாள். டாக்டர் சீட்டு இல்லாத எதையும் 'சொந்தக் காரணம்' என்று ஏற்று என்று சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே ஏற்றியிருக்கிறேன். படித்துப் பார்க்காமல் ஏற்றினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, படித்தால்தானே ஏற்ற முடியும். அதில் பதினொன்று தம்பி மனைவியுடையது. கம்பவுண்டராவது பொய் எழுத வராமல் மாடியை எழுதினார். நான் எழுதியது சுத்தமான பொய்.

பாத்ரூமுக்குப் போய் வாய் கொப்பளித்தேன். அந்த வாடை போகவில்லை. என் வாயே எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடந்து வந்தோம். ஏன் இத்தனை நாள் வாயே திறக்கவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன், தப்பு அவள் பக்கம் இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசையில். வெளிக்காற்றில் இருபது நிமிஷம் நடந்தால் அவளுக்குத் தெளிந்துவிடும். அப்போது தெளிந்திருந்தாள்.

"சொன்னேனே அண்ணி. சேர்ந்த மொத மாசமே உங்ககிட்டதான் சொன்னேன். தலை ஒரு மாதிரி இருக்குன்னேன். பழகிடும்னு சொன்னீங்க."

நினைவு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நினைவு இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமலேயே சொன்னது.

"பழகிடுச்சுதான்" என்றாள் அவள். "இப்ப வலிக்கிறதில்ல."

தம்பியிடம் அன்றைக்கே சொன்னேன். அவன் முதலில், அங்கே எல்லாரும் அப்படித்தானே வேலை பார்க்கிறார்கள் என்றான். அப்புறம், இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மறதி இருந்திருக்கும் என்றான். இருந்திருக்கும் என்று அவன் சொன்ன விதம், கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பற்றிப் பேசுவது போலவே இல்லை, பழைய வண்டியின் கோளாறைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. அவனை அப்போது எனக்குக் கண்டால் ஆகவில்லை. ஆனால் அவனிடம் அந்த வார்த்தையைக் கொண்டுவந்து கொடுத்தவள் யார் என்று நினைத்ததும் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் 'நம்ம பாஷை'யை எழுதி முடித்தேன். மற்ற வார்த்தைகளை வேடிக்கையாகவே எழுதினேன். மூணாவது என்பதற்கு நேரே அது எப்படி வந்ததோ அதை அப்படியே எழுதினேன். சொல்யூஷன், டேப் ஒட்டின ஜன்னல், ரிஜிஸ்டர், மூ.மா., எல்லாம். ஆறே வரி.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உட்காரச் சொல்லித்தான் பேசுவார். அந்த ஆறு வரியின் மேல் சிவப்புப் பேனாவைச் சாய்த்து வைத்திருந்தார். மலரைக் குடும்பத்தோடு படிப்பார்கள், வாங்குகிறவர்கள் கைக்கும் போகும், சந்தோஷமான நேரத்தில் இது எதற்கு என்றார். ஜன்னலைத் திறந்துவிடலாமே என்றேன். தூசி என்றார். ஃபேன் போடலாமே என்றேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பிறகு குரலைத் தணித்து, எனக்கு ஏதோ நல்லது செய்கிறவர் போலச் சொன்னார்.

"ஒரு தமாஷ் எங்கேருந்து வந்ததுன்னு யாரும் கேக்கப்போறதில்லம்மா. மேல் மாடி காலின்னு போடுங்க. படிக்கிறவங்களுக்கும் புரியும், உங்களுக்கும் சிரமமில்ல."

"எங்க வீட்டுப் பொண்ணு சார் அது" என்றேன்.

"அவங்களைப் பேக்கிங்குக்கு மாத்திடறேன். நாளைக்கே" என்றார்.

யோசிக்காமல் சொன்னார். நாளைக்கே முடியும் என்றால் நேற்றே முடிந்திருக்கும். மீதி முப்பத்தொன்பது பேர் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. அதைவிட மோசம், எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் தம்பி மனைவி பேக்கிங்கில் அட்டைப் பெட்டி மடித்தாள். அதற்கு அடுத்த நாள் நான் ஆபீஸ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே, மேலேயிருந்து புதிதாக வந்த இரண்டு லீவுப் படிவங்களை எடுத்தேன். அவள் இடத்தில் போட்டிருந்த புதுப் பெண்ணுடையது ஒன்று. சேர்ந்த அன்றைக்கே வாந்தி. சொந்தக் காரணம் என்று அழுத்த விரல் தானாகப் போயிற்று. அந்த விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அன்று மதியமே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, படிவங்களின் நகல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசாங்க ஆபீஸுக்குப் போனேன். போவதற்கு முன்னால் ரிஜிஸ்டரைக் கேட்டுக் கம்பவுண்டரிடம் போனேன். ரிட்டயராக ஏழு மாசம்தான் இருக்கிறது, என்னை விட்டுவிடும்மா என்றார். விட்டுவிட்டேன்.

அங்கே ஒரு அதிகாரி அம்மாள் இருந்தார். களைத்த முகம். படிவங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அப்புறம் கம்பெனி அனுப்பியிருந்த வருஷ அறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இதில் எல்லாம் சொந்தக் காரணம் என்றுதானே இருக்கிறது, மாற்றி எழுதியது யார் என்று கேட்டார்.

"நான்தான்."

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"ஆமா. ஆனா எழுதினது நான்தான்."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். அவர் என்னைப் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. பையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்துச் சோதனைக்கு வந்தார்கள். கம்பெனியில் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள், முந்தின நாளே ஜன்னல் டேப்பைக் கிழிக்க ஆள் விட்டிருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு வருஷத்து டேப் அவ்வளவு சுலபமாக வரவில்லை, சட்டத்தோடு பெயர்ந்து வந்தது. அந்தப் பெயர்ந்த மரமே போதுமாக இருந்தது வந்தவர்களுக்கு. பிரிவை மூடச் சொன்னார்கள். பதினேழு நாள் மூடியிருந்தது. பிறகு சுவரை உடைத்துப் பெரிய ஃபேன்கள் வைத்தார்கள், டின்னுக்கு மூடி வந்தது. சூப்பர்வைசரிடமிருந்து விசிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். மூடியிருந்த நாட்களில் அந்தப் பெண்களில் பாதிப் பேர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டிலேயே நிறுத்தி, உன் ஆளைக் கீழே இறக்கிக்கொண்டு எங்கள் வேலையில் மண்ணைப் போட்டாய் என்றாள். அவள் சொன்னதில் முதல் பாதி உண்மை.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஸ்டோர் ரூமில் கயிறும் அட்டையும் எண்ணப் போட்டார்கள். மலர் வெளிவந்தது. 'நம்ம பாஷை' நான்காம் பக்கத்தில், என் பெயரோடு. மூணாவது: மேல் மாடி காலி என்பதிலிருந்து வந்தது, என்று போட்டு, பக்கத்தில் தலையைத் திறந்து காட்டுகிற ஒரு கேலிப்படமும் வரைந்திருந்தார்கள். அதற்குக் கீழே, தகவல் உதவி என்று கம்பவுண்டரின் போட்டோ. இஸ்திரி போட்ட சட்டையில் அவர் மலர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்தப் பக்கத்தை வெட்டி முதலுதவி அறைச் சுவரில் ஒட்டியிருந்தார் என்று கேள்விப்பட்டேன். எதை வைத்து ஒட்டினாரோ.

நான் அந்த மாசக் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் முழுசாக எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

தம்பி மனைவியும் நின்றுவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவள் விரல்களில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஒரு சோப்பை மூக்குக்குக் கீழே பிடித்தார். விரல் உணர்ச்சி நாள்பட வந்துவிடலாம், மூக்கு சந்தேகம், மறதி எவ்வளவு குறையும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதற்கு முன்னால் அவளுக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். மயக்கம் வரும் டாக்டர், மறதியும் உண்டு என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி" என்றாள் அவள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பிறகு டாக்டரைப் பார்த்து, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மயக்கம் இல்லைங்க. பஸ்ல தூங்கிப்போயி, எறங்க வேண்டிய ஸ்டாப்பு தாண்டிப்போச்சுன்னு வைங்க. முழிச்சுப் பார்த்தா எந்த ஊருன்னு தெரியாது. எறங்கித் திரும்பி நடந்து வரணும். வந்து சேர்றதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க, பேசி முடிச்சிருப்பாங்க, சிரிச்சும் முடிச்சிருப்பாங்க. நானும் சிரிச்சு வைப்பேன். எதுக்குன்னு தெரியாது. தினமும் அப்படித்தாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. தேதியெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு."

சொன்னேன். அவளுடைய முதல் லீவுப் படிவத்தின் தேதியிலிருந்து, பதினொன்றையும்.